மேடையில் வந்த தலைவலி

போன வருஷம் வெயில் ஏறத் தொடங்கிய நேரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். திருவொற்றியூரில் கடலை ஒட்டி இருக்கிற எங்கள் குப்பத்தில், மாதா சிலை வைத்த கெபிக்குப் பக்கத்தில் போட்ட மேடையில் நடந்தது இது. இப்போதும் எங்கேயாவது மைக்கைத் தட்டி "அலோ, அலோ" என்று யாராவது சொன்னால் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும்.

என் கணவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர். எல்லையில் பணியில் இருக்கும்போது குண்டுச் சிதறல் ஒன்று முதுகில் ஏறித் தண்டுவடத்தைக் கெடுத்துவிட்டது. மார்புக்குக் கீழே அவருக்கு எதுவும் தெரியாது. கிள்ளினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. கைகள் இரண்டும் நன்றாக இருக்கின்றன, அதற்கே மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினார் என் மாமியார். பல மாதம் ராணுவ ஆஸ்பத்திரி, அப்புறம் வடக்கே இந்த மாதிரி அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வு மையம், கடைசியில் வீடு.

அவர் வீட்டுக்கு வந்த அன்றைக்கே நான் ஒரு ஆபீஸ் ஆகிவிட்டேன். பட்டாலியனிலிருந்து போன் வந்தால் என்னிடம்தான். ராணுவ ஆஸ்பத்திரி ஊரின் அந்தக் கோடியில், நாங்கள் இந்தக் கோடியில். அங்கே போக ஆம்புலன்ஸ் சொல்வது, இங்கே பிசியோதெரபி தம்பியை வரவழைப்பது, தீர்ந்துபோகும் மாத்திரையை முன்கூட்டியே கேட்பது, படுக்கைப் புண் வராமல் நேரத்துக்குத் திருப்பிப் போடுவது, எல்லாம் என் தலையில். இயல்பிலேயே நான் பயந்தாங்கொள்ளி. அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஜாதி. என்னைப் போய் கடவுள் இந்த வேலைக்குப் பிடித்துப் போட்டார் பாருங்கள். குப்பத்துப் பெண்கள் என்னைக் 'கமாண்டரு' என்று கிண்டல் செய்வார்கள்.

எனக்கு மேலே ஒரு கமாண்டர் இருந்தார். மறுவாழ்வு மையத்திலிருந்து வீட்டுக்குப் போனவர்களையெல்லாம் போனில் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு அவருக்கு. ஓய்வு பெற்ற சுபேதார், மலையாளி. அவரும் சக்கர நாற்காலியில் இருப்பவர்தானாம். நாங்கள் கிளம்பி வந்த பிறகு அந்தப் பொறுப்புக்கு வந்தவர் என்பதால் நான் முகம் பார்த்ததில்லை. எல்லோரும் அவரை 'சாப்' என்பார்கள், நானும் அப்படியே. வாரம் தவறாமல் கூப்பிடுவார். புண் உண்டா, காய்ச்சல் உண்டா, வெளிக்குப் போனாரா. கடைசியில் எப்போதும் ஒரே கேள்வி, பை எங்கே?

பை என்றால் சிறுநீர்ப் பை. என் கணவருக்குச் சிறுநீர் போவது டியூப் வழியாக. டியூபின் கடைசியில் ஒரு பிளாஸ்டிக் பை. அது இடுப்புக்குக் கீழேதான் தொங்க வேண்டும். மேலே போனாலோ, டியூப் மடிந்தாலோ சிறுநீர் இறங்காது. நமக்கு அடைத்தால் வயிறு வலிக்கும், கத்துவோம். இவர்களுக்கு அந்த வலி தெரியாது, ஆனால் உடம்பு உள்ளுக்குள் தவித்து ரத்த அழுத்தத்தைக் கன்னாபின்னா என்று ஏற்றிவிடும். விட்டால் மூளையில் ரத்தம் கசிந்து ஆளே போய்விடலாம். அதனால் தலைவலி என்று சொன்னால் மாத்திரை தேடாதே, முதலில் கீழே பார் என்பார் சாப். ஒவ்வொரு வாரமும் அதையே சொல்வார். அடுப்பில் குழம்பு கொதிக்கும், நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "கீழேதான் சாப், கீழேதான் இருக்கு" என்பேன்.

என் கவலை அப்போது வேறாக இருந்தது. எங்கள் வீடு குடியிருப்பில் இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவதைத் தவிர இவர் கீழே இறங்கவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். சின்ன வயதில் தன்னோடு ஓடியாடியவர்கள் பார்க்க வந்தால்கூட தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வார். நாள் பூராவும் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்ப்பார். பேச்சு குறைந்துகொண்டே வந்தது. உடம்புக்கு ஏதாவது என்றால் கேட்க சாப் இருக்கிறார், இதை யாரிடம் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இதற்கு வழி கண்டது அவருடைய தோஸ்து. இரண்டு பேரும் ஒன்றாகக் கடலில் குளித்து, ஒன்றாக அடி வாங்கி வளர்ந்தவர்கள். என் கணவர் பட்டாளத்துக்குப் போக, தோஸ்து துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றுகிற டிரெய்லர் ஓட்டப் போனார். தினம் வருவார், இவர் கண்ணை மூடிக்கொண்டாலும் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார். ஊர்ச் சங்கம் என் கணவருக்கு ஒரு பாராட்டு விழா வைக்கணும் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது, இவர் முடியாது என்று விரட்டிக்கொண்டிருந்தார். தோஸ்து என்ன சொல்லிக் கரைத்தாரோ, ஒருநாள் இவரே என்னைக் கூப்பிட்டு வருகிறேன் என்று சொல்லச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை, யாரும் தன்னைப் பாவமாகப் பார்க்கக் கூடாது. அதைத் தோஸ்து தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார்.

எனக்குச் சந்தோஷம் பாதி, பயம் பாதி. வெயில், கூட்டம், மாடிப்படி. சாப் கூப்பிட்டபோது கேட்டேன். போகட்டும், நல்லது, தண்ணீர் அளவாகக் கொடு, பையைப் பார்த்துக்கொள் என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் தோஸ்தும் இன்னும் நாலு பேரும் சக்கர நாற்காலியோடு இவரை அலுங்காமல் இறக்கினார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மீசையை வேறு ஒதுக்கிவிட்டிருந்தார். மேடையில் ஏற்றியதும் குனிந்து பார்த்தேன். சீட்டுக்குக் கீழே கொக்கியில் பை சரியாகத் தொங்கியது. டியூப் மடியவில்லை. அப்பாடா என்று நிமிர்ந்தால், சங்கத்துக்காரர்கள் என்னை இழுத்துக்கொண்டு போய் மேடையின் மறுகோடியில் மாமியார் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். வீரரின் குடும்பத்துக்குத் தனி வரிசையாம்.

சிறப்பு விருந்தினர் வந்தபாடில்லை. எண்ணூர் ரோட்டில் டிரெய்லர்கள் வழக்கம்போல வரிசைகட்டி நின்றுவிட்டன, அவர் கார் அதற்குள் மாட்டிக்கொண்டது. காத்திருந்த நேரத்தில் எங்கள் ஜனம் சும்மா இருக்குமா? ஒருவர் இளநீர் கொண்டுவந்தார், ஒருவர் ரோஸ்மில்க், இன்னொருவர் சோடா. யார் நீட்டினாலும் இவர் வாங்கிக் குடித்தார். போதும் என்று தூரத்திலிருந்து கண்ணைக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு பல் தெரிகிற சிரிப்பு, அதற்கு மேல் தடுக்க எனக்கு மனசு வரவில்லை.

ஒருவழியாக விருந்தினர் வந்தார். வீடியோக்காரர் லைட்டைப் போட்டார். பொன்னாடை போர்த்துவது ஆரம்பித்தது. சங்கம் ஒன்று, மீனவர் சங்கம் ஒன்று, இளைஞர் அணி ஒன்று, கோயில் சபை ஒன்று, அப்புறம் யார் யாரோ. கழற்றக்கூட விடாமல் ஒன்றின் மேல் ஒன்றாகப் போர்த்தினார்கள். என் கணவர் கழுத்து வரை ஜரிகையில் மூழ்கிவிட்டார்.

அப்போதுதான் கவனித்தேன், அவர் சிரிப்பு நின்றுபோயிருந்தது. நெற்றியில் வேர்வை கொட்டியது. முகம் செக்கச்செவேல் என்று ஆகி, கண்ணில் நீர் கட்டியிருந்தது. மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் அதைப் பார்த்துவிட்டு, பாருங்கள், நம் வீரர் உணர்ச்சிவசப்பட்டுக் கண் கலங்குகிறார் என்றார். ஊரே கை தட்டியது. என் மாமியார்கூட முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினார். நானும் ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன். அவர் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினார், பொன்னாடை நழுவியது, அந்தக் கை முழுக்க மயிர்க்கூச்செறிந்து புடைத்துக்கொண்டு நின்றது. அந்தப் புழுக்கத்தில்.

மையத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அடையாளங்கள் எல்லாம் என் கண் முன்னால் உட்கார்ந்திருந்தன. நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினேன். பக்கத்தில் போனதும் பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"தல வெடிச்சிரும் போலக் கீதுமே."

குனிந்து சீட்டுக்குக் கீழே பார்த்தேன். கொக்கி இருந்தது, பை இல்லை.

பிடுங்கிக்கொண்டு விழுந்துவிட்டதா, யாராவது மிதித்துவிட்டார்களா, ஒன்றும் புரியவில்லை. அதற்குள் மேடை முழுக்க ஆள் ஏறிவிட்டது. மயக்கம் என்றார் ஒருவர். வலிப்பு என்று ஒருவர் சாவிக்கொத்தை அவர் கையில் திணித்தார். படுக்க வை, படுக்க வை என்று நாலு பேர் அவரை நாற்காலியிலிருந்து தூக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள். தோஸ்து ஒரு பார்வை பார்த்தார், ஆம்புலன்ஸ் இந்த டிரெய்லர்களுக்குள் எப்படி வரும் என்று சொல்லிக்கொண்டே மேடையிலிருந்து குதித்து, தன் கூட்டாளி டிரைவர்களை வழிவிடச் சொல்ல மெயின் ரோட்டைப் பார்த்து ஓடினார். பை எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

சாப்புக்குப் போன் போட்டேன். மேளம், மைக், கூச்சல். முதல் மணியிலேயே எடுத்தார். தலைவலி, வேர்வை, பையைக் காணோம் சாப் என்று அழுதுகொண்டே கத்தினேன். அவர் குரல் கொஞ்சமும் உயரவில்லை.

"கிடத்தாதே. நேரே இருத்து. கிடத்தினா பிரஷர் இன்னும் ஏறும். பையைத் தேடாதே மோளே. உடம்பில் டியூப் எங்கே தொடங்குது, அங்கே கை வை. அங்கிருந்து கையை ஓட்டிக்கிட்டே போ."

தூக்கியவர்களை அடிக்காத குறையாகத் தள்ளிவிட்டு அவரை நிமிர்த்தி உட்கார வைத்தேன். அடுத்தது டியூப். அது தொடங்குகிற இடம் எது என்று உங்களுக்கே தெரியும். வேட்டியை விலக்க வேண்டும். மேடையில், வீடியோ லைட்டில், ஊரே கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்க. முன்னால் திரும்பினால் எங்கு பார்த்தாலும் தூக்கிப் பிடித்த போன். நான் வேட்டி மடிப்பில் கை வைத்ததும் அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்த வலியிலும் பிடி இரும்பாக இருந்தது.

"வேணாமே. எல்லாரும் பாத்துகினு கீறாங்க."

உயிர் போகப் போகிறது, இந்த மனுஷன் வேட்டியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாரே என்று எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. மாடியை விட்டு இறங்காமல் இத்தனை மாதம் அவர் பயந்ததே இந்த ஒன்றுக்காகத்தான். என் கையும் ஒரு விநாடி நின்றுவிட்டது.

கீழே முன்வரிசையில், காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிற அக்கா ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் ஏலம் கூவினால் மைக்கே தேவையில்லை. அவருக்கு டியூபும் தெரியாது, பிரஷரும் தெரியாது. என் கணவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டிருப்பதை மட்டும் பார்த்திருக்கிறார். மேடையில் ஏறி, அவர் மேல் கிடந்த பொன்னாடைகளில் ஒன்றை உருவி, ஒரு முனையை என் மாமியார் கையில் கொடுத்து விரித்துப் பிடித்தார். அப்புறம் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"போன அல்லாம் கீழ எறக்குங்கடா. இன்னா படமா ஓடிகினு கீது இங்க? பொம்பளைங்க அல்லாம் மேல வாங்கடி. ஆளுக்கு ஒண்ணு புடிங்க."

வந்தார்கள். ஆளுக்கு ஒரு பொன்னாடையை உருவிப் பிரித்துப் பிடித்து, வெளிப்பக்கம் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று எங்களைச் சுற்றி ஒரு அறையே எழும்பிவிட்டது. யாரோ வீடியோ லைட்டை அணைத்தார்கள். என் கணவரின் பிடி தளர்ந்தது.

வேட்டியை விலக்கி டியூபில் கை வைத்தேன். கையை ஓட்டினேன். தொடைக்கு மேலே, இடுப்புக்குப் பக்கத்தில், அங்கிருந்து கீழே போக வேண்டிய டியூப் மேலே போனது. நாற்காலியின் கைப்பிடிக்கும் மெத்தைக்கும் நடுவில் நன்றாக நசுங்கி மடிந்திருந்தது. அதை விடுவித்துக்கொண்டு இன்னும் மேலே போனேன். முதுகுக்குப் பின்னால், தோள் உயரத்தில், நாற்காலியைத் தள்ளுகிற பிடியில், மிச்சம் இருந்த கடைசிப் பொன்னாடைக்கு அடியில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது பை. கிட்டத்தட்டக் காலியாக.

எடுத்துக் கீழே பிடித்தேன். ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் கொடகொடவென்று இறங்க ஆரம்பித்தது. குடித்த இளநீர், ரோஸ்மில்க், சோடா எல்லாம் சேர்த்து இறங்கியது. போன் என் மடியில் கிடந்தது, சாப் இன்னும் லைனில் இருந்தார். வருதா, வருதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வருது சாப், வருது சாப் என்றேன். வேறு எந்த வார்த்தையும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் என் கணவர் முகத்திலிருந்த சிவப்பு மெல்ல வடிந்தது. கண்ணைத் திறந்து, தேவலாமே என்றார். நான் அவர் முழங்காலில் தலையை வைத்து ஓவென்று அழுதேன், அது அவருக்குத் தெரியக்கூட இல்லை.

ஆம்புலன்ஸ் வந்தது, நம்பமாட்டீர்கள், சர்ரென்று வந்தது. ரோட்டில் டிரைவர்கள் வண்டிகளை ஓரம் தள்ளி வழி விட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்து, ஆபத்து இல்லை, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்ல முடியாது என்றார்கள்.

தோஸ்து ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் எனக்கு உண்மையைச் சொன்னார். வீடியோக்காரர் லைட் போட்டதும் சீட்டுக்கு அடியில் பை பளிச்சென்று தெரிந்ததாம். நாளைக்கு ஊரெல்லாம் இந்தப் படத்தைப் பார்க்கும், தன் தோஸ்தை யாரும் பாவமாகப் பார்க்கக் கூடாது என்று வாக்குக் கொடுத்திருக்கிறோமே என்று, யாருக்கும் தெரியாமல் பையை எடுத்துப் பின்னால் மாட்டி, பொன்னாடையை இழுத்து மூடியிருக்கிறார். சொல்லி முடித்ததும் அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது. திட்டுவதற்கு என் வாயில் வண்டி வண்டியாக வார்த்தை இருந்தது. வழியைத் திறந்து ஆம்புலன்ஸைக் கொண்டுவந்ததும் அதே ஆள்தானே, என்னத்தைச் சொல்வது? டீ வாங்கிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு எனக்குப் புதுக் கவலை. இனி இவர் ஜென்மத்துக்கும் கீழே இறங்க மாட்டார் என்று நினைத்தேன். தோஸ்தும் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இவரே அவருக்குப் போன் போட்டு, கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போ என்று அதட்டினார். வந்தவர் வாசலிலேயே தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நாற்காலியில் உட்கார வைத்ததும் நான் பையின் மேல் ஒரு துண்டைப் போர்த்தப் போனேன். என் கணவர் அந்தத் துண்டைப் பிடுங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"தொங்கட்டும் வுடு. தெரிஞ்சா தெரியட்டும். டேய், இன்னாடா நின்னுகினு கீற? தூக்கு."

அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் இரண்டு பேரும் கடலோரத்தில் இருப்பார்கள், பை சீட்டுக்குக் கீழே ஊர் அறியத் தொங்கிக்கொண்டிருக்கும். குப்பத்துப் பிள்ளைகள் முதலில் கேட்டார்கள், இவர் விளக்கிச் சொன்னார், அதற்கப்புறம் யாரும் கண்டுகொள்வதில்லை. ஏலம் விடுகிற அக்கா மட்டும் அந்தப் பக்கம் போனால், "இன்னா நைனா, பை கீழதான கீது?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டுவிட்டுப் போவார்.

சாப் வாரம் தவறாமல் கூப்பிடுகிறார், இன்னும் அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. பை எங்கே என்று அவர் கேட்கும்போது இப்போதெல்லாம் அடுப்பை அணைத்துவிட்டு, எழுந்து போய், கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன். நமக்குப் பிரியமானவர்களின் மானத்தைக் காக்கிறோம் என்று எதையாவது மூடத் தோன்றும்போதெல்லாம், மூடுவதற்கு முன்னால் அதன் அடியில் அவர்களுக்கு மூச்சு விட இடம் இருக்கிறதா என்று என் கை தானாகவே தடவிப் பார்க்கிறது.